சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மின்னூல்: பணம் வரும் பாதையை முதலில் போடுவது

எடுத்துக்கொண்ட வேலை இது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பால்மரத் தோட்ட வேலையைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதி வைத்த 18 கட்டுரைகள், ஏறத்தாழ 24,000 சொற்கள். உளி தீட்டுவது, மங்கு (பால் வடியும் கிண்ணம்) கழுவி மாட்டுவது, காண்டா (தோளில் வைக்கும் காவடித்தடி) வாளியில் பால் சுமப்பது, ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் சேர்த்து எடை போடுவது என்று ஒவ்வொரு கட்டுரையும் ஒரு வேலையைச் சொல்கிறது. சில, நாளிதழ்களின் ஞாயிறு மலரில் வந்தவை. சில கையெழுத்துப் பிரதி. மற்றவை பழைய கணினியில், பழைய எழுத்துருவில் கிடந்தவை. இவற்றை மின்னூலாக்கி அமேசான் கிண்டிலில் ஏற்றி, அந்தப் பணம் பேராக் சுங்கை சிப்புட்டில் இருப்பவரின் வங்கிக் கணக்கில் விழும்வரை செய்ய வேண்டியவற்றை, செய்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

வரிசைதான் இதில் முக்கியம். பெரும்பாலானோர் முதலில் எழுதுகிறார்கள், பிறகு அட்டை போடுகிறார்கள், ஏற்றுகிறார்கள், நண்பர்களுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புகிறார்கள். நாலு பேர் வாங்கிய பிறகுதான் பணம் எப்படி வரும் என்று பார்க்கிறார்கள். அது மங்கு மாட்டாமல் மரத்தைச் சீவுவது போன்றது. மலேசியாவிலிருந்து எழுதுபவருக்குத் தடங்கல் வருவது எழுத்தில் அன்று. பெயர், வரிப் படிவம், வங்கி வழி, குறைந்தபட்சத் தொகை ஆகிய நான்கில்தான். அதனால் கோப்பைத் தொடுவதற்கு முன் இவற்றை முடித்தோம்.

பெயர்

நம்மவர்களின் அடையாளக் கார்டில் ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்) இருக்கும். குடும்பப் பெயர் கிடையாது. வெளிநாட்டுப் படிவங்களோ முதல் பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டம் வைத்திருக்கின்றன. சில படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. ஓரிடத்தில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, இன்னோரிடத்தில் ஏ/எல் உட்பட முழுப் பெயரையும் முதல் கட்டத்திலேயே அடைத்து, வங்கியில் வேறு மாதிரி இருந்தால், பணம் அனுப்பும் நாளில் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிவிடும்.

செய்த முறை: வங்கி அறிக்கையின் மேல்வரியில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொள்வது. சாய்கோடு மறுக்கப்பட்டால் கோட்டை மட்டும் எடுத்துவிட்டு ‘ஏஎல்’ என்று இணைத்து எழுதுவது. இரண்டு கட்டம் இருந்தால் சொந்தப் பெயர் முதலில், தந்தை பெயர் இரண்டாவதில். எது முடிவானாலும் கிண்டில் கணக்கு, வரிப் படிவம், பணம் பெறும் சேவை மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். புனைபெயர் நூலாசிரியர் பெயர்க் கட்டத்துக்கு மட்டுமே உரியது. கணக்கின் பெயராகப் புனைபெயரைப் போடவே கூடாது.

கைப்பேசி எண்ணையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். நம் ஊரில் பெரியவரின் கணக்கைப் பேரனின் கைப்பேசியில் திறப்பது வழக்கம். அது முன்கட்டண எண்ணாக இருந்து, பணம் போடாமல் காலாவதியானால், சரிபார்ப்புக் குறியீடு வர வழியில்லை. கணக்குக்குள் நுழையவே முடியாது. எழுத்தாளரின் சொந்த எண்ணைக் கொடுத்து, இரண்டாம் வழியாகச் சரிபார்ப்புச் செயலி ஒன்றையும் இணைத்துவிடுவது பாதுகாப்பு.

ஒருவருக்கு ஒரே ஒரு கணக்குதான் என்பது கிண்டிலின் விதி. கணினி தெரிந்த ஓர் இளைஞர் ஊரிலுள்ள நாலைந்து எழுத்தாளர்களின் நூல்களைத் தன் கணக்கிலேயே ஏற்றலாம், ஆனால் ஒவ்வொருவரிடமும் எழுத்து வடிவில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் போதும்: நூலின் பெயர், மின்னூல் உரிமை மட்டும் என்ற வரி, எத்தனை ஆண்டுக்கு, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு, எப்போது கணக்குக் காட்டப்படும். பணம் எல்லாம் கணக்கு வைத்திருப்பவரின் பெயரில் வருவதால் வரி ஆவணங்களும் அவர் பெயரிலேயே வரும். அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாததால் உறவு முறிந்த வீடுகள் உண்டு. எங்கள் கருத்து, முடிந்தவரை எழுத்தாளர் பெயரிலேயே கணக்கு திறந்து, இளைஞர் உதவிக்கு மட்டும் இருப்பதே நல்லது.

வரிப் படிவமும் வங்கி வழியும்

கணக்கைத் திறந்ததும் ‘வரி நேர்காணல்’ என்ற பகுதி வரும். தனிநபர், அமெரிக்கர் அல்லாதவர் என்று தேர்ந்தால் அமெரிக்க வரிக்கான டபிள்யூ-8பென் படிவம் தானாக உருவாகும். அதில் நம் உள்நாட்டு வருவாய் வாரியம் கொடுத்த வரி எண்ணைப் போடுவது நல்லது. 2023 முதல் தனிநபர் எண்ணின் முன்னெழுத்து ‘ஐஜி’. பழைய எண் வைத்திருப்பவர்கள் மைடாக்ஸ் பக்கத்தில் புது வடிவத்தைப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணே இல்லாதவர்கள் அங்கேயே இ-டஃப்தாரில் பதிவு செய்யலாம்.

இப்போது பலரும் அறியாத செய்தி: அமெரிக்காவுக்கும் மலேசியாவுக்கும் இடையே பொதுவான வருமானவரி ஒப்பந்தம் இல்லை. இந்தியாவிலிருந்து எழுதுபவர் ஒப்பந்தத்தைக் காட்டிப் பிடித்தத்தைக் குறைத்துக்கொள்கிறார். அதைப் பார்த்து நாமும் அப்படியே நிரப்ப முடியாது. அமெரிக்க மூல வருமானம் என்று கணக்கிடப்படும் உரிமத்தொகையில் (ராயல்டியில்) நமக்கு 30 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் மிச்சம் வரும். இது தண்டனையும் இல்லை, படிவத்தில் செய்த பிழையும் இல்லை. ஆனால் விலை வைக்கும்போது இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் நாட்காட்டி ஆண்டின் இறுதிவரை செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது பணம் வரும் வழி. கட்டணப் பகுதியில் ‘வங்கி இருக்கும் நாடு’ என்ற பட்டியலைத் திறந்து, அங்கே எந்தெந்த வழி காட்டப்படுகிறது என்று முதலில் பாருங்கள். நேரடி மின்பரிமாற்றம் கிடைத்தால் குறைந்தபட்சத் தொகை இல்லை. வயர் (வங்கிக்கு வங்கி அனுப்பும் பன்னாட்டுப் பரிமாற்றம்) அல்லது காசோலை வழியென்றால், அமேசானின் ஒவ்வொரு நாட்டுச் சந்தைக்கும் தனித்தனியே 100 டாலர் அளவு சேர்ந்த பிறகுதான் பணம் நகரும். அமெரிக்கச் சந்தையில் 60, மற்றொன்றில் 50 என்று இருந்தால் கூட்டி 110 என்று அனுப்ப மாட்டார்கள்; இரண்டும் அங்கேயே நிற்கும். இதைத் தவிர்க்க பேயோனீர் போன்ற பணம் பெறும் சேவையில் டாலர் கணக்கு எண் வாங்கி அதைக் கொடுக்கலாம். அப்படிப்பட்ட சேவைகளில் பயன்பாடு குறைந்தால் ஆண்டுக் கட்டணம் பிடிப்பதும், ரிங்கிட்டாக மாற்றும்போது ஒரு பங்கு போவதும் உண்டு. ஆண்டுக்குச் சில டஜன் பிரதிகள் மட்டும் விற்கும் நூலென்றால் கட்டணமே வருமானத்தை விழுங்கிவிடும். கட்டண அட்டவணையைப் படித்த பிறகே திறக்கவும்.

மாத முடிவிலிருந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் பணம் வரும். ஜனவரியில் விற்றது மார்ச் இறுதியில். தீபாவளிச் செலவுக்கு இந்தப் பணத்தை நம்புகிறவர் ஜூலைக்குள் விற்றிருக்க வேண்டும்.

பழைய எழுத்தை யூனிகோடுக்குக் கொண்டுவருவது

வேலையில் கனமான பகுதி இதுதான். மலேசியாவில் கணினித் தமிழ் சீக்கிரமே வந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985-இல் தொடங்கியது. அதனாலேயே நம் எழுத்தாளர்களின் பழைய கோப்புகள், இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய குறியீடுகளில் நிறையக் கிடக்கின்றன. கோப்பைத் திறந்தால் என்ன தெரிகிறது என்பதை வைத்தே குறியீட்டை ஓரளவு ஊகிக்கலாம். வெறும் ஆங்கில எழுத்தும் இடையிடையே அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாமினி வகை. அங்கே மெய்யெழுத்தின் புள்ளிதான் அரைப்புள்ளியாகத் தெரிகிறது. மேலே குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் திஸ்கி, தாப் போன்றவை. ஒரு பத்தியை மட்டும் எடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்து மாற்றியில் ஒவ்வொரு குறியீடாகத் தேர்ந்து பார்த்து, சரியாக வருவதை உறுதி செய்த பிறகே முழுக் கோப்பையும் மாற்ற வேண்டும். மூலக் கோப்பை விரலியில் (பென் டிரைவில்) தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதில் எதையும் சேமிக்கக் கூடாது.

மாற்றிய பிறகு கண்ணுக்குத் தெரியும் பிழை, தெரியாத பிழை என இரண்டு வகை இருக்கும்.

கண்ணுக்குத் தெரிவது: புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும் கொம்பு. திஸ்கியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் மெய்க்குப் பின்னால். கொம்புக்கும் மெய்க்கும் இடையில் பழைய கோப்பில் வரி உடைந்திருந்தால், மாற்றியால் இரண்டையும் சேர்க்க முடியாது. வரி இறுதிகளை மட்டும் ஓட்டிப் பார்த்தாலே இவை சிக்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாதது: ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறி ஒற்றைக் குறியாக இல்லாமல் ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பதிந்திருப்பது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் வாசகர் கிண்டிலில் ‘கொட்டகை’ என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். கொம்பு கூட்டல் காலைத் தேடி, ஒற்றைக் குறியாக மாற்றிவிட வேண்டும். ‘கோ’ வரிசைக்கும் இப்படியே. இவற்றை ஒரேயடியாக மாற்றினால் ஆபத்தில்லை.

ஔகாரத்தில்தான் ஆபத்து. பழைய தட்டச்சில் ‘மௌனம்’ என்பதைக் கொம்பு, ‘ம’, ‘ள’ என்று அடித்து ‘மெளனம்’ ஆக்கியிருப்பார்கள். இதை எழுத்து அளவில் ஒரேயடியாக மாற்றச் சொன்னால் ‘வெளி’, ‘தெளிவு’, ‘கெளுத்தி’ எல்லாம் சிதைந்துவிடும். சொல் அளவில் மட்டும் தேட வேண்டும்: மௌனம், கௌரவம், பௌர்ணமி, சௌகரியம், பௌத்தம் போன்ற பத்துப் பதினைந்து சொற்கள்தான் ஒரு நூலில் வரும். ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம்.

ஞாயிறு மலர் நறுக்குகளைக் கைப்பேசியில் படமெடுத்து கூகள் டிரைவில் எழுத்துணரச் செய்தோம். செங்குத்துப் பத்திகளாக இருக்கும் நாளிதழ்ப் பக்கத்தை முழுதாகக் கொடுத்தால், முதல் பத்தியின் முதல் வரியையும் இரண்டாம் பத்தியின் முதல் வரியையும் ஒட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு பத்தியையும் தனிப்படமாக வெட்டிக் கொடுக்க வேண்டும். எழுத்துணர்வில் வரும் இன்னொரு சிக்கல் தமிழ் எண்கள்: ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் ஒன்று ‘௧’, ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் ஏழு ‘௭’, ‘உ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் இரண்டு ‘௨’. மெய்ப்பு பார்க்கும் கண்ணுக்கு இது படாது. மூன்றையும் தேடுபெட்டியில் போட்டுத் தேடினால் ஒரே நிமிடத்தில் அகப்படும்.

கையெழுத்துப் பிரதியை ஆசிரியர் வாசிக்க வாசிக்கக் கைப்பேசியின் குரல் தட்டச்சில் ஏற்றலாம். நிறுத்தக்குறி வராது, லாலாங், பாராங் போன்ற மலாய்ச் சொற்களும் தோட்டப் பெயர்களும் தாறுமாறாக விழும். ஒரு கட்டுரை முடிந்ததும் உடனே சரிபார்த்தால் எது என்ன சொல் என்று நினைவிருக்கும். நாள் தள்ளினால் சொன்னவருக்கே விளங்காது.

நாளிதழில் வந்தவற்றுக்கு உரிமை யாருடையது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டும். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி, வேலையாளாக இருந்து எழுதியதும், ஒருவர் அமர்த்தி எழுதச் சொன்னதும், வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால் அமர்த்தியவருக்குப் போகும். தானாக எழுதி அனுப்பியது எழுத்தாளருடையதே. 1924 முதல் வந்த தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. அப்படி நின்றுபோன ஏடுகளில் வந்தவற்றுக்கு இப்போது யாரைக் கேட்பது என்ற குழப்பம் பலருக்கு இருக்கிறது. அனுப்பிய கடிதத்தின் நகலோ, அன்பளிப்புத் தொகை வந்த சீட்டோ இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். அதே கட்டுரை இணையத்தில் எங்காவது இலவசமாகக் கிடந்தால் கிண்டில் கேள்வி கேட்கும்; அதை நீக்கிவிட்டே நூலை ஏற்ற வேண்டும்.

கோப்பு, படம், அட்டை

வேர்டில் அத்தியாயத் தலைப்புகளுக்கு ‘தலைப்பு 1’ பாணி; அதிலிருந்து தானாக உருவாகும் பொருளடக்கம். அத்தியாய முடிவில் என்டரைப் பத்து முறை தட்டாமல் பக்க முறிவு. பத்தியின் முதல் வரிக்கு இடைவெளிப்பட்டை வேண்டாம், பத்தி அமைப்பில் அரை சென்டிமீட்டர் உள்தள்ளல். இரு ஓரமும் சமன்படுத்தும் அமைப்பைத் தமிழுக்கு வைக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம்; கைப்பேசியின் குறுகிய திரையில் வரிக்கு மூன்று நான்கு சொல்தான் நிற்கும், இடையில் பெரிய பெரிய ஓட்டை விழும். இடப்பக்கம் சேர்த்து விட்டாலே போதும். எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கத் தேவையில்லை. கிண்டிலிலேயே தமிழ் எழுத்துரு உண்டு. அட்டவணைகள் கைப்பேசியில் சிதறும். சம்பள விவரம், எடை விவரம் ஆகியவற்றைச் சாதாரண வரிகளாக மாற்றி எழுதினோம். முடிந்ததும் கிண்டில் பிரிவியூவரில் கைப்பேசி அளவில் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை பார்க்க வேண்டும்.

படம் நேரடியாகப் பணத்தைத் தொடும் விஷயம். 70 விழுக்காட்டு உரிமத்தொகைத் திட்டத்தில், அமேசான்.காமில் ஒவ்வொரு விற்பனைக்கும் கோப்பின் ஒரு எம்பிக்கு 15 சென்ட் அனுப்புச் செலவாகக் கழிக்கிறார்கள். 30 படங்களை ஒவ்வொன்றும் 150 கேபி என்று வைத்தால் ஏறத்தாழ 4.5 எம்பி. 2.99 டாலர் விலையில் 67 சென்ட் போய், மிச்சத்தில் 70 விழுக்காடு, அதாவது 1.62 டாலர். அதையே, வேலையை உண்மையில் விளக்கும் 12 படம் மட்டும், தலா 100 கேபி என்று குறைத்தால் 1.2 எம்பி, கையில் 1.97 டாலர். ஒரு பிரதிக்கு 35 சென்ட் வித்தியாசம். உளி பிடிக்கும் கோணம், பட்டையில் வெட்டு இறங்கும் சாய்வு, மங்கு தொங்கும் கம்பி, காண்டா தோளில் உட்காரும் இடம் ஆகியவை இருக்க வேண்டும். குழுப்படங்களும் காட்சிப்படங்களும் இல்லாமலே நூல் நிறைவாக இருக்கும். படத்தில் ஆள் இருந்தால் அவரிடமோ பிள்ளைகளிடமோ கேட்டுவிடுங்கள்.

அட்டைக்கு 1600 அகலம், 2560 உயரம், ஜேபெக். கட்டமரன், முக்தா மலர் ஆகிய எழுத்துருக்கள் கூகள் ஃபாண்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. விற்பனை நூலுக்கும் பயன்படுத்தலாம். ஃபோட்டோஷாப்பில் செய்பவர்கள் பத்தி அமைப்பில் ‘வோர்ல்டு-ரெடி’ தேர்வைப் போடாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். முடிந்த அட்டையைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கடையில் வாசகர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான். தலைப்பு படிக்க முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்கி, படத்தைச் சிறிதாக்க வேண்டும்.

ஏற்றும் பக்கத்தில் மொழி ‘தமிழ்’ என்று தேர்ந்தெடுக்கவும். தேடுசொல் கட்டங்கள் ஏழு. நம் வாசகர்களில் பலர் தமிழ்ச் சொல்லையே ரோமன் எழுத்தில் அடித்துத் தேடுகிறார்கள், அதனால் ஏழில் மூன்றைத் தமிழிலும் நான்கை ரோமன் எழுத்திலும் கொடுத்தோம்: நூலின் பெயர், தோட்டம், பால்மரம், மலேசியத் தமிழர் என்பவற்றின் பொதுவான எழுத்துக்கூட்டல்கள். செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கிய எழுத்தோ படமோ மொழிபெயர்ப்போ இருந்தால் அதற்கான கேள்வியில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை, பின்னால் அச்சிட நினைத்தால் தேசிய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கும். சரிபார்ப்புக்கு 72 மணி நேரம்வரை ஆகலாம்.

விலை

70 விழுக்காடு என்ற எண்ணைக் கேட்டதும் அதுவே எல்லா விற்பனைக்கும் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருக்க வேண்டும். வாங்குபவரும் அதற்கான நாடுகளின் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் 2.99 டாலர் கொடுத்து வாங்கினால் நமக்கு 35 விழுக்காடு, 1.05 டாலர். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வாங்கினால் மேலே சொன்ன 1.97 டாலரில் 30 விழுக்காடு வரி போய் 1.38 டாலர். வயர் வழியில் அந்தச் சந்தையின் 100 டாலரை எட்ட இப்படி 73 பிரதி விற்க வேண்டும். வங்கி வழியை முதலில் பார்க்கச் சொன்னதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இந்தியச் சந்தையில் 70 விழுக்காடு வேண்டுமானால் நூலைக் கேடிபி செலக்ட் என்ற, மின்வடிவத்தை அமேசானில் மட்டுமே விற்கும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் 99 ரூபாய் விலையில் 34.65 ரூபாய். தமிழ் மின்னூல் படிப்பவர்களில் மிகப் பெரிய கூட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அவர்களில் பலர் கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில்தான் படிக்கிறார்கள். செலக்டில் சேர்ந்தால் அங்கே படிக்கப்படும் பக்கங்களுக்கும் பணம் வரும். பக்கத்துக்கான தொகை மாதந்தோறும் மாறும்.

செலக்டா, உள்ளூர் விற்பனையா

செலக்டில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த நூலின் மின்வடிவத்தை வேறெங்கும் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது. புலனத்தில் பிடிஎஃப் அனுப்புவதும் இதில் அடங்கும். அச்சுப் பிரதிக்குத் தடையில்லை. ‘தானாகப் புதுப்பி’ என்ற கட்டத்தில் குறி இருந்தால் 90 நாள் முடிந்ததும் மீண்டும் 90 நாள் ஓடும். சேரும் அன்றே அந்தக் குறியை எடுத்துவிடவும்.

இந்த நூலுக்கு முதலில் செலக்ட், பிறகு உள்ளூர் என்று முடிவு செய்தோம். காரணம், தோட்ட வாழ்க்கையைத் தெரியாத தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிய பொருள். அவர்கள் அன்லிமிடெட்டில் எளிதாக எடுத்துப் பார்ப்பார்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்களோ எப்போது வந்தாலும் வாங்குவார்கள். காதல் தொடர், சமையல் குறிப்பு போன்ற நூலென்றாலும் செலக்டையே பரிந்துரைப்போம். ஒரு கோயிலின் வரலாறு, ஒரு தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர் நினைவுகள் போன்று ஊருக்குள்ளேயே வாசகர் இருக்கும் நூலென்றால் செலக்ட் வேண்டவே வேண்டாம். நேரே உள்ளூர் விற்பனைக்குப் போங்கள்.

உள்ளூர் விற்பனையின் முறை: விலை 10 ரிங்கிட். வாங்குபவர் மலேசிய வங்கிகளின் டூயிட்நவ் கியூஆரில் செலுத்தி, ரசீதின் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்டை) புலனத்தில் அனுப்புவார். திரைப்பிடிப்பை மட்டும் நம்பாமல் வங்கிச் செயலியில் பணம் விழுந்ததைப் பார்த்த பிறகே கோப்பை அனுப்ப வேண்டும். கோப்பு இரண்டு வகை: கைப்பேசியில் படிக்க இபப், கணினியில் படிக்கவோ அச்சிட்டுக்கொள்ளவோ பிடிஎஃப். இரண்டாம் பக்கத்தில் ‘இந்தப் பிரதி இன்னாருக்கு உரியது’ என்று வாங்கியவரின் பெயரும் கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும். பூட்டுப் போட்டால் பெரியவர்களுக்குத் திறக்கத் தெரியாமல் தொலைபேசி அடித்துக்கொண்டே இருப்பார்கள். தன் பெயர் இருக்கும் கோப்பைக் குழுவில் தட்டிவிட எவருக்கும் மனம் வராது. பத்து ரிங்கிட்டும் அப்படியே எழுத்தாளரிடம் வருகிறது. மலேசிய வாசகர் அமேசானில் வாங்கினால் வரும் 1.05 டாலரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூகள் பிளே புக்ஸ் மலேசியாவிலும் விற்பதால், செலக்ட் காலம் முடிந்த பிறகு அங்கேயும் அதே இபப் கோப்பை ஏற்றலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு அது எளிது.

மற்ற தளங்கள்

பிரதிலிபி 2014-இல் பெங்களூரில் தொடங்கியது. தமிழில் தொடர்கதைக்கு அங்கே வாசகர் ஏராளம். அத்தியாயத்துக்கு 1,000 முதல் 1,500 சொல், தவறாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயம், கடைசி வரியில் ஒரு முடிச்சு என்று எழுதக்கூடியவர்களுக்கே அது ஒத்துவரும். மலேசியாவில் இருப்பவர் முதல் அத்தியாயத்தை ஏற்றுமுன் பணம் எடுக்கும் பகுதியைத் திறந்து, அது எந்த நாட்டு வங்கி விவரங்களைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வாட்பேடில் வாசகர் கிடைப்பர். பணம் தரும் திட்டங்கள் எல்லாருக்கும் திறந்தவை அல்ல.

சந்தா வழி எழுதும் சப்ஸ்டாக், வருமானத்தில் 10 விழுக்காடு எடுக்கிறது. அதற்கு மேல், பணத்தை வசூலித்துக் கொடுக்கும் ஸ்ட்ரைப்பின் கட்டணம். அதில் ஒரு பகுதி ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நிலையான தொகை என்பதால், மாதச் சந்தாவாகப் பன்னிரண்டு முறை வாங்குவதைவிட ஆண்டுச் சந்தாவாக ஒரு முறை வாங்கினால் கையில் நிற்பது கூடும்.

சொந்த இணையப் பக்கத்தில் எழுதி விளம்பர வருமானம் பெறுபவர்களுக்கு: கூகள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது. வருமானம் 10 டாலரை எட்டியதும் அடையாள எண் ஒன்றைச் சாதாரண அஞ்சலில் அனுப்புவார்கள். அந்த எண்ணைப் பதியாவிட்டால் பணம் வராது. நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரமே நின்றுவிடும். தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் குவிந்து, கிராணி (தோட்ட எழுத்தர்) பிரித்துக் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். கட்டணச் சீட்டுமாதிரி இல்லாத சின்னக் காகிதம் என்பதால் தவறிவிடும். முகவரியை லய எண், வீட்டு எண், பிரிவு, தோட்டத்தின் பெயர், பிறகு 31100 சுங்கை சிப்புட், பேராக் என்ற வரிசையில் முழுமையாகக் கொடுத்து, அலுவலகத்தில் இருப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். டவுனில் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) உறவினர் வீடு இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு அந்த முகவரியைக் கொடுப்பது இன்னும் நல்லது. வராவிட்டால் மறுபடி கேட்கலாம். அதற்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. ஆட்சென்ஸில் பணம் கிளம்ப 100 டாலர் சேர வேண்டும். மாதத்தின் 21-க்கும் 26-க்கும் இடையில் அனுப்புவார்கள்.

நம் நாட்டு வரி

மலேசியாவில் குடியிருக்கும் தனிநபருக்கு, இலக்கியப் படைப்பைப் பதிப்பித்ததற்கான உரிமத்தொகையில் ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் வரை வருமானவரி விலக்கு உண்டு. செய்யும் வேலையின் பகுதியாக எழுதிப் பெற்ற தொகைக்கு இது பொருந்தாது. விளம்பர வருமானமும் உரிமத்தொகை ஆகாது. அதைத் தனியாகக் காட்ட வேண்டும். வியாபார வருமானம் இல்லாதவர்கள் பிஇ படிவம், உள்ளவர்கள் பி படிவம்.

அமேசான் பிடித்த வரிக்கு ஆண்டுதோறும் 1042-எஸ் என்ற சான்று கணக்குப் பகுதியில் வரும். அதையும் மாத உரிமத்தொகை அறிக்கைகளையும் பதிவிறக்கி, நூலுக்கு ஓர் உறை போட்டு, வங்கியில் பணம் விழுந்த நாளின் மாற்று விகிதத்தோடு ரிங்கிட் தொகையையும் எழுதி வைக்கவும். டூயிட்நவ் விற்பனைக்குத் தேதி, பெயர், தொகை என்று ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வருவாய் வாரியம் கேட்டால் காட்ட 7 ஆண்டுக்கு இவற்றை வைத்திருக்க வேண்டும்.